கிரி-கிரி கடற்கரைப் பாறை தேய்கிறதா, பெயர்கிறதா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மொரீஷியஸின் தென்கோடியில் சுயாக் ஊரையொட்டிய கிரி-கிரி கடற்கரைக்குக் குடும்பத்தோடு போயிருந்தீர்கள். அலை மோதுவதைப் பார்த்து உங்கள் பாட்டி, "எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்றார். அப்படித்தான் தண்ணீர் பட்டுப் பட்டுக் கரும்பாறை தேய்கிறதா, அங்கே அலைநீர் கண்ணீர் போல வழியும் 'அழும் பாறை' உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் இருக்குமா, தாத்தா சிறுவயதில் பார்த்தபோது கடல்நீரை வானளாவப் பீய்ச்சியடித்த லெ சூஃப்லர் என்ற பாறைத் துவாரம் இன்று ஏன் அடங்கிவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: கையால் அள்ளினால் வழிந்து ஓடும் தண்ணீர், உளி பட்டாலும் பொறி பறக்கும் பாறையை எந்த வழியில் வெல்கிறது?

நான் நிலவியல் படித்தவன். குமரி மாவட்டக் கடற்கரையில் தொழில் பழகினேன். பிறகு பதினெட்டு ஆண்டுகள் மொரீஷியஸில், கடலோரத்தில் சாலையோ சுவரோ கட்டுவதற்கு முன் அங்குள்ள பாறையைப் பார்த்துச் சொல்லும் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பாட்டி சொன்ன பழமொழி அந்தக் கடற்கரையின் ஒரு பகுதிக்குப் பொருந்தும், முக்கியமான பகுதிக்குப் பொருந்தாது. கிரி-கிரியின் செங்குத்துப் பாறை பெரும்பாலும் தேய்ந்து குறையவில்லை. பாளம் பாளமாகப் பிடுங்கப்பட்டுக் குறைகிறது.

இதற்குச் சான்று அங்கேயே கண் முன்னால் இருக்கிறது. ஒரு ஜூலை மாதம், மூன்று நாள் கடல் கொந்தளித்து ஓய்ந்த மறுநாள் காலையில் அங்கே போய் நின்றேன். பழைய பாறைமுகம் முழுவதும் பழுப்பும் கறுப்புமாக, பாசியும் உப்பும் படிந்து கிடந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் நீலச் சாம்பல் நிறத்தில் புத்தம் புதிதாகத் தெரிந்தது. ஏறக்குறைய ஒரு கதவின் அளவு. அதன் விளிம்புகள் கூர்மையாக இருந்தன, முகம் தட்டையாக இருந்தது. அங்கிருந்த பாளம் கீழே அலைக்குள் கிடந்தது. தண்ணீர் தேய்த்திருந்தால் அந்த இடம் வழவழப்பாக உருண்டிருக்க வேண்டும். பாறைமுகம் முழுவதும் நேர்கோடுகளும் கூர்முனைகளும்தான். அதே சமயம் குடாவின் அடியில் கிடக்கும் கற்களைக் கையில் எடுத்துப் பாருங்கள், குழவியைப் போல வழவழவென்று இருக்கும். ஒரே கல், ஒரே கடல். மேலே கூர்மை, கீழே உருண்டை. இந்த வேறுபாடுதான் விடையில் பாதி.

மீதிப் பாதி அந்தப் பாறையின் பிறப்பில் இருக்கிறது. மொரீஷியஸ் எரிமலைத் தீவு. அதன் பழைய பாறைகளுக்கு வயது 80 லட்சம் ஆண்டுகளை ஒட்டி வரும். எரிமலைக் குழம்பு ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் ஓடி வந்து, ஆறி, இறுகியதுதான் நாம் காணும் பசால்ட். ஆறும்போது அது சுருங்கும். வற்றிய குளத்தின் சேறு வெடித்துக் கட்டம் கட்டமாகப் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதைப் போலவே எரிமலைக் குழம்பும் ஆறும்போது ஐந்து பக்கமும் ஆறு பக்கமுமாக வெடித்துப் போகும். அந்த வெடிப்புகள் மேலிருந்து உள்ளே இறங்கித் தூண் தூணாகப் பிரிக்கும். ஒரு குழம்பு ஓட்டத்தின் மேல் அடுத்தது வந்து படியும்போது, இரண்டுக்கும் நடுவில் உடைந்த கற்களும் சூட்டில் சிவந்த பழைய மண்ணும் சிக்கிக்கொள்ளும். ஆகவே தொலைவிலிருந்து ஒரே கல்லாகத் தெரியும் பாறை உண்மையில் சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவர். தனிக் கல்லாகப் பார்த்தால் பசால்ட் மிகக் கடினமானது. ஆனால் கடல் மோதுவது சுவரோடு, அந்தச் சுவரின் இடுக்குகளோடு.

இடுக்கில் என்ன நடக்கிறது? அலை வந்து மோதும்போது விரிசலின் வாயை அடைத்துவிடுகிறது. உள்ளே இருந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை, தண்ணீர் அதை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று விரிசலின் இரு பக்கத்தையும் விலக்கித் தள்ளுகிறது. அலை பின்வாங்கும் நொடியில் அதே காற்று வெடித்தாற்போல விரிகிறது, விரிசலுக்குள் புகுந்த தண்ணீரும் வெளிநோக்கிப் பீறிடுகிறது. அப்போது தளர்ந்த பாளம் கடலை நோக்கி இழுபடுகிறது. கிரி-கிரியில் நின்றால் தரைக்கு அடியிலிருந்து 'தும்' என்று ஓர் அதிர்வு காலில் ஏறுவதை உணர்ந்திருப்பீர்கள். அது பெரும்பாலும் இப்படி அடைபட்ட காற்றின் ஓசைதான். கல்தச்சர்கள் பாறையில் குழி வெட்டி, ஆப்பு இறக்கி, ஒன்று மாற்றி ஒன்றாக அடித்துப் பிளப்பதும் இதே தத்துவம். 1735இல் இந்தத் தீவின் ஆளுநராக வந்த லபூர்தொனே, போர் லூயி நகரத்தைக் கட்டப் புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை வரவழைத்தார். அவர்களில் கல்வேலை செய்தவர்கள் இந்தப் பசால்ட்டில் முதலில் தேடியிருக்கக்கூடியதும் அது இயல்பாகப் பிளக்கும் கோட்டைத்தான் என்று நினைக்கிறேன். கடலும் அந்தக் கோட்டைத்தான் தேடுகிறது. கையில் இருப்பது இரும்பு ஆப்பு அல்ல, காற்று ஆப்பு.

இதற்குப் பலம் போதுமா என்ற ஐயத்துக்கு அளவெடுத்த விடையே உண்டு. கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன், 1845இல் ஸ்கெரிவோர் பாறையில் வில்சுருள் பொருத்திய தட்டை வைத்து அலையின் அழுத்தத்தை அளந்தார். மிகக் கடுமையான புயலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 30 டன் பதிவானது. ஒரு மேசையின் பரப்பில் ஆறேழு யானைகளை ஏற்றியது போல என்று கொள்ளுங்கள். பிறகு 1939இல் பேக்னால்ட் என்ற ஆய்வாளர் தொட்டியில் செயற்கை அலை எழுப்பிப் பார்த்தார். அலைமுகத்துக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் சிக்கும்போதுதான் மிகப் பெரிய அதிர்ச்சி அழுத்தம் எழுகிறது என்றும், அது கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாகவே நீடிக்கிறது என்றும் கண்டார். நான் முன்பு சொன்ன காற்றின் பங்கு வெறும் ஊகம் அல்ல என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

இன்னொரு கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். உயரம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. ஒரு மீட்டர் அலையைவிட நான்கு மீட்டர் அலை பதினாறு மடங்கு வலியது. ஆனால் ஆற்றலைக் கூட்டிப் பார்ப்பது மட்டும் போதாது: ஓரிரண்டு நாள் கொந்தளிப்பு பெயர்க்கும் பாளத்தை, ஆண்டு முழுவதும் தட்டிக்கொண்டிருக்கும் சிற்றலைகளால் பெயர்க்க முடியாது. ஜப்பானிய ஆய்வாளர் சுனாமுரா இதைத் தெளிவாக வரையறுத்தார்: அலையின் தாக்கும் விசை, பாறையின் தாங்கும் விசையைத் தாண்டினால்தான் அரிப்பு தொடங்கும். தாண்டாத அலை எத்தனை ஆயிரம் வந்தாலும் பாளம் அசையாது. எறும்புப் பழமொழி சறுக்கும் இடம் இதுதான். எறும்பின் பொறுமையால் நடக்கும் வேலை அல்ல இது, என்றோ ஒரு நாள் வரும் யானையின் வேலை.

அந்த யானை எங்கிருந்து வருகிறது என்பது தென்கரைக்கே உரிய செய்தி. மொரீஷியஸைச் சுற்றி ஏறக்குறைய 150 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளத்திட்டு வேலி போல நிற்கிறது. மேற்குக் கரையில் உள்ள ஃப்ளிக்-அன்-ஃப்ளாக்கில் குளம் போலக் கடல் அமைதியாக இருக்கிறதே, அதற்கு அந்த வேலிதான் காரணம். பவளத்திட்டுகள் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைத் தடுத்துவிடுகின்றன என்று 2014இல் வெளியான ஓர் உலகளாவிய தொகுப்பாய்வு காட்டியது. சுயாக்கிலிருந்து கிழக்கே லெ புஷோன் வரையிலான தென்கரையில் அந்த வேலி அறுந்து கிடக்கிறது. அங்கே கடல் நேராகப் பாறையின் காலடிக்கு வருகிறது. ஏன் அந்த இடத்தில் பவளம் வளரவில்லை? ஓயாத பேரலையும், ஆறுகள் கொண்டுவரும் நன்னீரும், கரையை ஒட்டியே ஆழமாகிவிடும் கடலடியும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மூன்றும் சேர்ந்தே வேலை செய்திருக்கும் என்பது என் கணிப்பு. எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லும் ஆதாரம் என்னிடம் இல்லை.

குமரிக் கடற்கரையில் 'கள்ளக்கடல்' என்று ஒரு சொல் உண்டு. காற்று இல்லை, மழை இல்லை, வானம் தெளிந்திருக்கும், ஆனால் கடல் திடீரென்று பொங்கி வீட்டு வாசலுக்கு வந்துவிடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, தென்பெருங்கடல் புயல்கள் கிளப்பிவிட்ட அலைகள் அவை. மொரீஷியஸுக்கு வருபவையும் அதே குடும்பம்தான், நாம் அந்தப் புயல்களுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறோம். இத்தகைய அலையின் இரண்டு முகடுகளுக்கு இடையே 14 நொடி இடைவெளி இருந்தால், ஆழ்கடலில் அதன் நீளம் ஏறக்குறைய 300 மீட்டர். 150 மீட்டர் ஆழம் வரை தண்ணீரை அசைத்துக்கொண்டு வரும் அலை அது. 2007 மே மாதம் ரீயூனியன் தீவின் தென்கரையைத் தாக்கிய பேரலைகள் இந்த வகையைச் சேர்ந்தவை. புயல் என்றாலே கோடைக்காலச் சூறாவளிதான் நமக்கு நினைவுக்கு வரும். தென்கரைப் பாறையைப் பொறுத்தவரை, குளிர்காலத்து வெயில் நாளில் சத்தமில்லாமல் வரும் இந்தக் கள்ளக்கடலையும் அதற்கு இணையாக வைக்க வேண்டும்.

இப்போது பாட்டியின் பக்கம் நிற்கிறேன். தேய்மானமும் உண்டு. உங்கள் வீட்டில் ரோஸ் கரி இருக்கும், நம் அம்மியேதான், அதுவும் இதே பசால்ட். மிளகும் மஞ்சளும் அரைத்து அரைத்து அது வழவழப்பாகிப் போனால் மறுபடி கொத்த வேண்டியிருக்கிறது. அம்மியைத் தேய்ப்பது அரைக்க ஊற்றும் தண்ணீர் அல்ல, குழவி. கடற்கரையிலும் அப்படியே. விழுந்த கற்களையும் மணலையும் அலை தூக்கி அடிக்கும்போதுதான் பாறை தேய்கிறது. தண்ணீர் கை, கூழாங்கல் குழவி. அதனால்தான் பாறையின் அடிப்பாகத்தில், கற்கள் எட்டும் உயரத்தில், உள்வாங்கிய குடைவு உண்டாகிறது. குடைவு ஆழமானால் மேலே உள்ள தூண்களுக்குத் தாங்கல் போய்விடும், ஒரு நாள் சரியும். சரிந்த குவியல் கொஞ்ச காலம் பாறையின் காலடியைக் காக்கும். அதை அலை உடைத்து அப்புறப்படுத்திய பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அலை எட்டாத உயரத்தில் உப்பு வேலை செய்கிறது. தெறித்த நீர் பசால்ட்டின் சிறு துளைகளுக்குள் காய்ந்து, உப்புப் படிகமாகி வளர்ந்து, துகள் துகளாகப் பாறையை உதிர்க்கிறது. மொய்த்த தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாகத் தெரியும் இடங்களில் இதன் பங்கு பெரிது. இது உண்மையிலேயே எறும்பு வேலைதான்.

பழமொழி முழுதாகப் பொருந்தும் இடம் பார்க்க வேண்டுமானால் மாஹேபூர் குடாவில் உள்ள இல் ஒ எக்ரெத் தீவுக்குப் போங்கள். அது பவளச் சுண்ணாம்புக் கல். அதன் ஓரம் காளான் குடை போல அடியில் குடைந்து நிற்கும். "சுண்ணாம்பைக் கடல்நீர் கரைத்துவிடுகிறது" என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். அது அவ்வளவு எளிதல்ல. வெப்பக் கடலின் மேற்பரப்பு நீரில் ஏற்கனவே சுண்ணாம்புச் சத்து தெவிட்டும் அளவுக்கு நிறைந்திருப்பதால் அது மேலும் கரைக்கத் தயங்கும். பாறையைச் சுரண்டி உண்ணும் நத்தைகளும், துளையிடும் பாசியும், குழி பறிக்கும் கடல் முள்ளெலிகளும் அங்கே அதிக வேலை செய்கின்றன என்பதே என் கருத்து. வேதியியல் கரைப்புக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை.

லெ சூஃப்லர் விஷயத்துக்கு வருகிறேன். லெஸ்காலியே ஊருக்குத் தெற்கே, கரும்புத் தோட்டங்களைக் கடந்து போனால் வரும் இடம். கடல் குகை ஒன்றின் கூரையில், விரிசல் வழியாக ஒரு துவாரம் மேலே திறந்திருந்தது. குகைக்குள் அலை புகுந்ததும் காற்றும் நீரும் நெருக்கப்பட்டு அந்தச் சிறு துவாரம் வழியே பீறிட்டன. உங்கள் தாத்தா மிகைப்படுத்தவில்லை, 19ஆம் நூற்றாண்டுப் பயணிகளும் அதைக் கண்டு வியந்திருக்கிறார்கள். இன்று கடலின் பலம் குறையவில்லை. துவாரமும் குகை வாயும் அரிப்பால் அகன்றுவிட்டன. குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் தொலைவுக்குப் பீய்ச்சும், விரலை எடுத்தால் காலடியில் கொட்டும். அங்கே கடலே அந்த விரலை எடுத்துவிட்டது. பக்கத்தில் உள்ள போன் நாத்துரெல் என்ற இயற்கைப் பாலமும் ஒரு குகைக் கூரையின் மிச்சம் என்றே நான் பார்க்கிறேன். அதன் மேல் நடந்து படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். அடியிலிருந்து அந்தக் கூரை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. தயவுசெய்து பிள்ளைகளை அதன் மேல் ஏற விடாதீர்கள்.

அழும் பாறை எத்தனை காலம் இருக்கும்? கவிஞர் ராபர்ட் எட்வர்ட் ஹார்ட்டின் பக்கவாட்டு முகம் அதில் தெரிகிறது என்று ஊரில் சொல்வார்கள். அலை மேலேறி, பாறையின் மடிப்புகள் வழியே வழிந்து இறங்குவதுதான் அந்தக் கண்ணீர். உலக அளவில் சுனாமுரா தொகுத்த அளவுகள்படி, கிரானைட் போன்ற கடும்பாறை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரும், மென்மையான சுண்ணக்கட்டிப் பாறை பத்து சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரையும், இறுகாத எரிமலைச் சாம்பல் பத்து மீட்டர் வரையும் பின்வாங்கும். 1963இல் ஐஸ்லாந்து அருகே கடலிலிருந்து எழுந்த சுர்ட்சே தீவு, 1967இல் 2.7 சதுர கிலோமீட்டர் இருந்து இன்று அதில் பாதியளவுக்குச் சுருங்கிவிட்டது. அதிலும் முதலில் போனது சாம்பலும் தளர்ந்த கல்லும்தான். இறுகிய பசால்ட் கடும்பாறைகளின் பக்கம் நிற்கும். அதனால் கிரி-கிரிக் கரை மொத்தமாக உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் பெரிதாகப் பின்வாங்கிவிடாது என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஆனால் ஒரு மூக்கு, ஒரு நெற்றி, ஒரு வளைவு என்று தனித்தனி உருவங்களுக்கு இந்தச் சராசரி உதவாது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது, ஆயிரம் ஆண்டு சும்மா இருந்துவிட்டு ஓர் இரவில் ஒரு மீட்டர் போவதாகவும் இருக்கலாம். அந்த முகத்தின் மூக்கு நாளையே விழலாம், இன்னும் ஐந்து தலைமுறை நிற்கவும் கூடும். யாராவது ஆண்டுக் கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். தீவின் வயதைக் கொண்டு வகுத்து வேகம் கணக்கிடுவதும் தவறு. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது அலை வேறெங்கோ மோதிக்கொண்டிருந்தது. இப்போதைய உயரத்தில் கடல் இந்தப் பாறையை அடிக்கத் தொடங்கிச் சில ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன் ஏறக்குறைய 1,25,000 ஆண்டுகளுக்கு முன்பும் கடல் இன்றைவிடச் சில மீட்டர் உயர்ந்து நின்றது என்பதால், நாம் பார்க்கும் குடைவுகளில் எது பழையது, எது புதியது என்று பிரிப்பது எளிதல்ல.

எனக்கே தீராத ஓர் ஐயம் உண்டு, அது உங்கள் பாட்டிக்குச் சாதகமானது. 12 நொடிக்கு ஓர் அலை என்றால் ஒரு நாளில் 7,200 அலை, ஓர் ஆண்டில் 26 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு மோதலிலும் பாறை நுண்ணளவில் வளைந்து மீள்கிறது, இதைக் கரையோரப் பாறையில் நிலநடுக்கமானி வைத்தே பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஓரிடத்தில் ஒடிவது போல, சிற்றலைகள் பாறையைச் சோர்வடையச் செய்து, பேரலைக்கு வேலையை எளிதாக்குகின்றனவா? சாத்தியம் என்று நினைக்கிறேன். ஆனால் இந்தச் சோர்வின் அளவை எந்தத் தனிப் பாறைக்கும் நம்பகமாகக் கணக்கிட்டுக் காட்டியதை நான் பார்த்ததில்லை. கடல்மட்டம் உயர்ந்துவருவது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது. காலடியில் நீர் ஆழமாகும்போது, முன்பு தொலைவிலேயே உடைந்துபோன பெரிய அலை இனி உடையாமல் பாறை வரை வந்து சேரும்.

அடுத்த முறை போகும்போது, விளிம்பிலிருந்து நன்கு தள்ளி நின்று, அழும் பாறையை ஒரே இடத்திலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் வாக்கில், அலை தாழ்ந்த காலை வேளையில், அதே இடத்திலிருந்து எடுங்கள். நீலச் சாம்பல் நிறத்தில் புதுத் தழும்பு தெரிந்தால் எனக்கு அனுப்புங்கள். பெயர்ந்தது எந்த விரிசல் வழியாக என்று படத்தில் கோடு போட்டுக் காட்டுகிறேன்.